விழுந்தவரும் வீழ்த்தப்பட்டவரும்: ரவி சகரியாஸ் விவகாரமும் கூடாவொழுக்கம் பற்றிய தமிழ்ச் சிந்தனையும்

கிறிஸ்துவ ஊழியத்தில் பெயர்பெற்ற ஒருவர் ஒழுக்கத் தவறு செய்தார் என்னும் செய்தி வெளிவரும்போது, அதனைக் குறிப்பதற்குத் தமிழ்க் கிறிஸ்துவ வழக்கில் ஒரு தொடர் ஆயத்தமாக இருக்கின்றது. ‘ஊழியர் விழுந்துபோனார்’ என்பதே அது. சறுக்கினார், இடறினார், பின்வாங்கிப் போனார் என்பனவும் அதனோடு சேர்த்து எண்ணத்தக்கவை. இவை யாவும் செயப்படுபொருள் குன்றிய வினைகள் என்பதைத் தமிழாசிரியர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. விழுதல் என்னும் வினைக்கு எழுவாய் உண்டு, செயப்படுபொருள் கிடையாது. மரத்திலிருந்து பழம் விழுகின்றது. மழைக்காலத்தில் சுவர் விழுகின்றது. ஊழியரும் அவ்வாறே விழுகின்றார். விழுந்தவர்மீது இரக்கம் பிறக்கின்றது. அவரைத் தூக்கி நிறுத்த வேண்டும் என்னும் எண்ணம் இயல்பாகவே எழுகின்றது. அவரால் துன்புற்றவர் எவரேனும் உளரோ என்னும் வினாவுக்கு அவ்வாக்கியத்தின் அமைப்பிலேயே இடமில்லை.

இவ்விலக்கணச் செய்தியைச் சொல்லாராய்ச்சி என்ற அளவில் விட்டுவிடுவதற்கில்லை. ஒரு சமூகம் தன் தலைவர்களின் தவற்றை எந்த வினைச்சொல்லால் கூறுகின்றதோ, அந்த வினைச்சொல்லுக்கு உட்பட்டே அத்தவறு விசாரிக்கப்படுகின்றது என்பதே இக்கட்டுரையின் கருத்து. இதற்குச் சான்றாக ரவி சகரியாஸ் விவகாரம் எடுத்துக்கொள்ளப்படுகின்றது. அவர் இவ்வட்டாரத்துக்குப் புதியவரல்லர். அவருடைய நிறுவனத்தின் ஆசிய பசிபிக் அலுவலகம் சிங்கப்பூரில் இயங்கியது. அவருடைய உரைகளை நற்பேச்சுக்கு எடுத்துக்காட்டாகக் கொண்டாடிய தமிழர்கள் இங்கும் மலேசியாவிலும் பலர். ஆதலின் இது நம்மவர் வாசிப்பு வரலாற்றிலும் ஒரு பகுதியாகும்.

சாட்சியும் சொல்வன்மையும்

1946ஆம் ஆண்டு மார்ச்சு 26ஆம் நாள் சென்னையில் பிறந்து, தில்லியில் வளர்ந்து, 1966இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்தவர் ரவி சகரியாஸ். பதினேழாம் வயதில் தில்லியில் தற்கொலைக்கு முயன்று மருத்துவமனையில் கிடந்தபோது, யோவான் நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தைக் கேட்டுத் தாம் மனம் திரும்பியதாக அவர் மேடைகள்தோறும் கூறிவந்தார். 1984இல் தம் பெயரிலேயே ஓர் அனைத்துலக ஊழிய நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னர் அதன் தலைமையகம் அமெரிக்காவின் அட்லாண்டா வட்டாரத்தில் அமைந்தது. கிறிஸ்துவச் சமயத்தை அறிவுநிலையில் நிறுவிக்காட்டும் துறையில் அவரளவுக்குப் புகழ்பெற்ற ஆசியர் வேறொருவர் இருந்ததாகத் தெரியவில்லை. 2020 மே 19ஆம் நாள் புற்றுநோயால் அவர் காலமானபோது, அப்போதைய அமெரிக்கத் துணை அதிபர் மைக் பென்ஸ் நினைவு வழிபாட்டில் உரையாற்றினார்.

அவருடைய வாதமுறையைக் கூர்ந்து நோக்குவோர்க்கு ஒன்று புலனாகும். தோற்றம், வாழ்வின் பொருள், ஒழுக்கம், முடிவு என்னும் நான்கு வினாக்களுக்கும் முரணின்றி விடை கூறவல்ல கொள்கையே மெய்க்கொள்கை என்பது அவர் திரும்பத் திரும்ப வலியுறுத்திய கருத்து. அந்நான்கனுள் ஒழுக்கமே அவருடைய வாதத்தின் அச்சாணி. கடவுள் இல்லையேல் நன்மை தீமை என்னும் பகுப்புக்கு அடிப்படையே இல்லை என்று 1994இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற நூலில் அவர் வாதிட்டார். இத்தகைய வாதத்தில் சொல்பவரின் வாழ்க்கையே ஒரு சான்றாகி விடுகின்றது. வேதியியல் நூலொன்றை எழுதியவர் தீயொழுக்கத்தவர் என்பதால் அந்நூலின் சமன்பாடுகள் பொய்த்துவிடா. ஒழுக்கத்துக்கு மூலம் இதுவே, இதனை ஏற்றால் வாழ்வு மாறும், என் வாழ்வே சாட்சி என்று பேசுபவரின் நிலை அதுவன்று. படைப்பாளியைப் படைப்பிலிருந்து பிரித்தே வாசிக்க வேண்டும் என்னும் நவீனத் திறனாய்வுக் கோட்பாடு, சாட்சி என்னும் இலக்கிய வகைமையின் வாசலில் வந்து நின்றுவிடுகின்றது.

அவருடைய பெயருக்கு முன் நெடுங்காலம் ‘முனைவர்’ என்னும் அடை வழங்கிவந்தது. அவர் பெற்றிருந்தவை மதிப்புறு பட்டங்களே. ஆய்வு செய்து ஈட்டிய முனைவர் பட்டம் அவருக்கில்லை. 2017 அளவில் இது பொதுவெளியில் கேள்விக்குள்ளானது. அவ்வாண்டிலேயே கனடாவைச் சேர்ந்த ஒரு பெண்மணி அவர்மீது பாலியல் தொடர்பான குற்றச்சாட்டை எழுப்பினார். சகரியாஸோ தம்மை மிரட்டிப் பணம் பறிக்க முயல்கின்றனர் என்று அப்பெண்மணிமீதும் அவர் கணவர்மீதும் வழக்குத் தொடுத்தார். அவ்வாண்டு நவம்பரில் இரகசியம் காக்கும் உடன்பாட்டோடு வழக்கு முடிவுற்றது. அதன்பின் சகரியாஸ் தம் தரப்பை வெளியிட்டார். அவரால் பேச முடிந்தது. உடன்பாட்டுக்குக் கட்டுப்பட்ட பெண்மணியால் பேச முடியவில்லை. நிறுவனத்தின் நிருவாகக் குழுவும் அவர் சொல்லையே நம்பியது. பட்டம் பற்றிய மிகையுரையைச் சிறு குறையாகக் கருதிப் பலரும் கடந்து சென்றனர். கல்வியாளர்களாகிய நாம் அதனைச் சிறிதென்று கருதியிருக்கலாகாது என்பதே என் எண்ணம்.

பன்னிரண்டு பக்க அறிக்கை

2020 செப்டம்பர் இறுதியில் ‘கிறிஸ்டியானிட்டி டுடே’ இதழ் ஒரு செய்திக் கட்டுரையை வெளியிட்டது. அட்லாண்டா வட்டாரத்தில் சகரியாஸ் பங்குதாரராக இருந்த உடற்பிடிப்பு நிலையங்களில் பணியாற்றிய மூன்று பெண்களின் கூற்றுகள் அதில் இடம்பெற்றிருந்தன. அதனைத் தொடர்ந்து, மில்லர் அண்டு மார்ட்டின் என்னும் சட்ட நிறுவனத்தை ஊழிய நிறுவனமே விசாரணைக்கு அமர்த்தியது. அவ்விசாரணையின் இறுதி அறிக்கை 2021 பிப்ரவரி 11ஆம் நாள் வெளியிடப்பட்டது. பன்னிரண்டு பக்கமே உடைய அவ்வறிக்கையை ஓர் உரைநடைப் பனுவலாகவும் வாசிக்கலாம். அடைமொழிகள் அருகிய நடை; இன்னார் இன்னது கூறினார், இக்கருவியில் இன்னது காணப்பட்டது என்னும் அளவிலேயே வாக்கியங்கள் நின்றுவிடுகின்றன.

ஐம்பதுக்கும் மேற்பட்டோர் விசாரிக்கப்பட்டனர். அவர்களுள் பன்னிருவருக்கும் மேற்பட்டோர் உடற்பிடிப்பாளர்கள். அவர்களுள் ஐவர், தகாத முறையில் தாம் தொடப்பட்டதாகக் கூறினர். சகரியாஸின் கைப்பேசிகளில் அமெரிக்காவிலும் ஆசியாவிலும் உள்ள இருநூறுக்கும் மேற்பட்ட உடற்பிடிப்பாளர்களின் தொடர்பு விவரங்கள் இருந்தன என்றும் அறிக்கை கூறுகின்றது. அவருக்குக் கடுமையான முதுகுவலி உண்டு என்பது பலரும் அறிந்த செய்தி. உடற்பிடிப்புக்கு அதுவே காரணமாகக் கூறப்பட்டுவந்தது. மனிதநேய உதவிக்கென ஒதுக்கப்பட்ட ஒரு நிதியிலிருந்து கணிசமான தொகை, ஒரு காலத்தில் அவருக்கு உடற்பிடிப்பாளர்களாக இருந்த நான்கு பெண்களுக்கோ அவர்கள் பொருட்டோ செலுத்தப்பட்டதும் அதில் பதிவாகியுள்ளது.

இவற்றினும் முதன்மையானதாக நான் கருதுவது ஒரு பெண்ணின் வாக்குமூலத்தை. பல ஆண்டுகள் நிகழ்ந்த உறவை வன்புணர்வு என்றே அவர் விவரித்ததாக அறிக்கை கூறுகின்றது. கடவுளுக்குத் தாம் ஆற்றிய பணிக்குக் கிடைத்த வெகுமதி நீ என்று சகரியாஸ் தம்மிடம் கூறியதாகவும், விவிலியத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரைக் கொண்டிருந்த பெரியோர்களைச் சுட்டிக்காட்டியதாகவும் அப்பெண் சொல்லியிருக்கின்றார். இதனை வெளியே சொன்னால், தம் நற்பெயர் கெட்டு இலட்சக்கணக்கான ஆத்துமாக்கள் மீட்பை இழந்துபோக நீயே பொறுப்பாவாய் என்றும் எச்சரிக்கப்பட்டதாகக் கூறுகின்றார். அரங்குகளில் ஐயுறுவோரை இணங்கவைத்த அதே சொல்வன்மை, மூடிய அறையில் ஒரு பெண்ணின் வாயை அடைப்பதற்குப் பயன்பட்டிருக்கின்றது. ஊழியமும் தவறும் இருவேறு வாழ்க்கைகள் என்னும் விளக்கம் இவ்வாக்குமூலத்தின் முன் நிற்பதாகத் தோன்றவில்லை. ஊழியத்தின் மொழியே தவற்றின் கருவியாகவும் இருந்தது.

ஒரு நியாயத்தை இங்குக் கூறியாக வேண்டும். இவ்வறிக்கை நீதிமன்றத் தீர்ப்பன்று. வெளிவந்த காலத்தில் குற்றஞ்சாட்டப்பட்டவர் உயிரோடில்லை. உயிரோடிருந்த காலத்தில் அவர் குற்றச்சாட்டுகளை மறுத்தே வந்தார். எனினும் அறிக்கையைக் கேட்டுப் பெற்றவர்கள் அவருடைய பகைவர்கள் அல்லர், அவர் பெயரால் நடந்த நிறுவனத்தாரே என்பதும், அவர்கள் அதன் முடிவுகளை ஏற்றுக்கொண்டனர் என்பதும் கருதத்தக்கன. அவருக்குக் குருப்பட்டம் அளித்திருந்த கிறிஸ்டியன் அண்டு மிஷனரி அலையன்ஸ் என்னும் திருச்சபைப் பிரிவு அதே மாதத்தில் அப்பட்டத்தை நீக்கியது. ஹார்ப்பர்காலின்ஸ் கிறிஸ்துவப் பதிப்பகம் அவர் நூல்களை அச்சிலிருந்து விலக்கிக்கொண்டது.

பசுவும் புலித்தோலும் புதரும்

தமிழ் மரபில் இப்பொருளுக்கு நேரே அமைந்த பனுவல் திருக்குறளின் கூடாவொழுக்கம் என்னும் 28ஆம் அதிகாரம். இதனைப் புராட்டஸ்டண்டு ஊழியர் ஒருவருக்குப் பொருத்துவது முறையோ என ஒருவர் வினவலாம். அவ்வதிகாரம் துறவறவியலில், தவம் என்னும் அதிகாரத்தை அடுத்து நிற்கின்றது. அது துறவிகளை நோக்கியது. ஊழியர்களோ மனைவி மக்களோடு வாழ்பவர்கள். இவ்வினா நேர்மையானது. ஆயினும் அவ்வதிகாரத்தின் கருத்து துறவு என்னும் நிலையைக் காட்டிலும், துறவால் உலகத்தாரிடம் கிடைக்கும் நம்பிக்கையைப் பற்றியதாகவே எனக்குப் படுகின்றது. தவவேடம் ஏன் பயன்படுகின்றது? அதனைக் கண்டவர் ஐயுறுவதில்லை, ஆகவே பயன்படுகின்றது. இந்நூற்றாண்டின் நற்செய்தியாளர்க்குச் சடையும் மழித்தலும் தேவையில்லை. மனம் திரும்பிய கதையும் மேடையும் மேற்கோள் நிறைந்த பேச்சும் அவ்வேடத்தின் வேலையைச் செய்கின்றன.

அவ்வதிகாரத்தின் இரண்டு உவமைகள் இங்கு இன்றியமையாதன. முதலாவது, புலித்தோலைப் போர்த்திக்கொண்டு பயிரை மேயும் பசு. காவற்காரர் ஏன் அதனை விரட்டவில்லை என்பதற்குப் பரிமேலழகர் தரும் விளக்கம் நுட்பமானது. புலி புல் தின்னாது என்பது அவர்கள் அறிவு; புலியென்றால் அச்சம் என்பது அவர்கள் உணர்வு. அறிவும் அச்சமும் சேர்ந்து அவர்களைச் செயலறச் செய்கின்றன. ஊழிய நிறுவனங்களின் நிருவாகக் குழுக்களுக்கு இதனினும் சிறந்த விளக்கம் ஒன்று உண்டோ என்பது ஐயமே. இத்தகையவர் இதனைச் செய்யமாட்டார் என்பது அவர்களுடைய அறிவு. கேள்வி கேட்டால் ஊழியமே குலைந்துவிடும் என்பது அவர்களுடைய அச்சம். சகரியாஸ்மீது தாங்கள் வைத்த தகாத நம்பிக்கையே அவரைக் கண்காணிப்புக்கு அப்பாற்படுத்தியது என்று 2021 பிப்ரவரியில் அந்நிறுவனத்தின் குழு எழுதிய திறந்த மடல் ஒப்புக்கொள்கின்றது. பரிமேலழகர் கூறிய காவற்காரர்களே பேசுவதுபோல் அது இருக்கின்றது.

இரண்டாவது உவமை இன்னும் ஆழமானது. தவவேடத்தில் மறைந்து தீயன செய்பவன், புதரில் மறைந்து பறவைகளைப் பிடிக்கும் வேட்டுவனுக்கு ஒப்பிடப்படுகின்றான். இவ்வுவமையில் பறவை இருக்கின்றது. பசுவின் உவமையில் பயிர் அழிகின்றது. ஆனால் பயிருக்கு வலியில்லை. வேட்டுவன் உவமையில் அகப்படுவது ஓர் உயிர். செயப்படுபொருள் குன்றிய வினையிலிருந்து குன்றா வினைக்கு வள்ளுவர் நம்மை இட்டுச் செல்கின்றார் எனலாம். அவர் நோக்கில் கூடாவொழுக்கத்தவன் விழுபவன் அல்லன், பிடிப்பவன், வஞ்சிப்பவன். அவனுக்கு மறைவிடம் தேவைப்படுகின்றது, மறைவிடத்தை அவன் தேர்ந்தெடுக்கின்றான், காத்திருக்கின்றான். தற்செயலாகச் சறுக்கியவனுக்கு இவற்றுள் ஒன்றும் தேவையில்லை. வள்ளுவர் அடுத்த அதிகாரமாகக் கள்ளாமையை வைத்திருப்பதும் நோக்கத்தக்கது. மனிதநேய நிதியின் போக்கை அறிந்தபின் அவ்வைப்புமுறை புதிய பொருள் தருகின்றது.

கிறிஸ்துவ மறைநூலிலும் இதே பார்வை உண்டு என்பதை மறத்தலாகாது. தாவீது அரசனின் கதையைச் சொல்லும் பிரசங்கியார் பலர் ‘தாவீது விழுந்தார், மனம் வருந்தினார், மீண்டும் எழுந்தார்’ என்று மூன்று வினைகளில் முடித்துவிடுகின்றனர். அக்கதையில் கொல்லப்பட்ட உரியா இருக்கின்றான்; அரண்மனைக்கு அழைத்துவரப்பட்ட பத்சேபாள் இருக்கின்றாள். நாத்தான் தீர்க்கர் அரசனிடம் சென்றபோது நீ விழுந்தாய் என்று கூறவில்லை. ஏழை ஒருவனின் ஆட்டுக்குட்டியைச் செல்வன் ஒருவன் பறித்த கதையைக் கூறினார். தவற்றைச் செயப்படுபொருளோடு சேர்த்துக் கூறும் முறை அது. தமிழ்ப் பிரசங்க மரபு நாத்தானை அறிந்திருந்தும் அவனுடைய இலக்கணத்தைக் கைவிட்டது வியப்புக்குரியது. மாறாக, அபிடேகம் பெற்றவர்மேல் கை வைத்தலாகாது என்று தாவீது சவுலைக் கொல்லாது விட்ட நிகழ்ச்சி, தலைவர்களைக் கேள்வி கேட்பதற்கே தடையாக எடுத்தாளப்படுகின்றது. கொல்லாமையும் கேளாமையும் ஒன்றாகிவிட்டன.

1988 பிப்ரவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சி நற்செய்தியாளர் ஜிம்மி சுவகார்ட் கண்ணீர் மல்கத் தம் சபையார்முன் பாவ அறிக்கை செய்தது விழுதல் மொழியின் உச்சம். மனைவியிடமும் மகனிடமும் சபையிடமும் கடவுளிடமும் அவர் மன்னிப்பு வேண்டினார். செய்தது இன்னதென்று கூறவில்லை. அதனோடு ஒப்பிட, சகரியாஸ் நிறுவனக் குழுவின் மடல் வேறொரு திசையில் நடக்கின்றது. அது துன்புற்ற பெண்களை முன்னிறுத்துகின்றது. 2017இல் குற்றஞ்சாட்டிய பெண்மணி உண்மையையே கூறினார் என்று தாங்கள் நம்புவதாகக் கூறி அவரிடம் மன்னிப்புக் கேட்கின்றது. காலங்கடந்து வந்த மடல்தான். ஆயினும் அதன் வினைகள் செயப்படுபொருள் உள்ளவை.

தாமரையும் சிலுவையும்

சகரியாஸின் எழுத்துகளுள் இந்தியவியல் துறையினர் தனித்து நோக்க வேண்டியது, 2001இல் வெளிவந்த ‘தாமரையும் சிலுவையும்’ என்று பொருள்படும் தலைப்புடைய ஆங்கிலச் சிறுநூல். பாங்காக் நகரின் சாவ் பிரயா ஆற்றில் செல்லும் படகொன்றில் இயேசுவும் புத்தரும் உரையாடுவதாக அமைந்த கற்பனை அது. அவ்வுரையாடலுக்குக் காரணமாக இருப்பவள் பிரியா என்னும் தாய்லாந்துப் பெண். பாலியல் தொழிலில் சிக்கி எய்ட்ஸ் நோயால் மரணத்தை நெருங்கிக்கொண்டிருப்பவள். அதே வரிசையில் இன்பநாட்டத்தைப் பற்றி இயேசுவும் ஆஸ்கார் வைல்டும் உரையாடும் நூலொன்றும் வெளிவந்தது.

2021க்குப் பின் இந்நூல்களைக் கையில் எடுக்கும் வாசகர் அதிர்ச்சியடைவது இயல்பு. ஆனால் அவ்வதிர்ச்சியை மட்டும் கொண்டு திறனாய்வு செய்ய இயலாது. எழுத்தாளரின் வாழ்வைப் பாத்திரத்தின்மேல் ஏற்றிப் பார்ப்பது எளிய வேலை; அதனைத் தவிர்த்து நூலின் அமைப்பையே நோக்குவோம். அவ்வமைப்பில் பிரியா ஒரு வினாவாக வருகின்றாள். அவள் துயரம் இரு பெரியோர்களின் விடைகளை அளந்து பார்க்கும் உரைகல்லாகப் பயன்படுகின்றது. எந்த விடை வெல்லும் என்பது நூல் தொடங்குமுன்பே முடிவாகிவிட்டது. புத்தருக்கு அவருடைய மரபின் வலிமையான வாதங்கள் தரப்படவில்லை என்பது பௌத்தம் பயின்றோர்க்கு எளிதில் விளங்கும். பிரியாவுக்கோ கேட்பதும் அழுவதும் ஏற்பதுமே எஞ்சியிருக்கின்றன.

மணிமேகலையின் 27ஆம் காதையாகிய சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதையை இதனருகே வைத்துப் பார்க்கலாம். கணிகையர் குலத்தில் பிறந்த ஓர் இளம்பெண் வஞ்சி மாநகரில் பல சமயத்தாரையும் தேடிச் சென்று அவரவர் கொள்கையைக் கேட்கின்றாள். சாத்தனார் பௌத்தத்தின் பக்கம் நிற்பவர். வெற்றி எவருக்கு என்பது அங்கும் முன்பே முடிவானதுதான். எனினும் கேட்பவள் அவளே, ஆராய்பவள் அவளே, தேர்பவளும் அவளே. பெண்ணென்று தன்னைப் பொருட்படுத்தமாட்டார்கள் என்பதால் ஆண் தவசியின் உருவை அவள் மேற்கொள்வதுகூட அறிவைத் தேடுவதற்காகவே. தவவேடம் ஓரிடத்தில் பறவைபிடிக்கும் புதராகின்றது. இன்னோரிடத்தில் கல்விக்குத் திறக்கும் கதவாகின்றது. பதினைந்து நூற்றாண்டு அளவு பழமையுடைய ஒரு தமிழ்க் காப்பியம் விளிம்புநிலைப் பெண்ணுக்குத் தந்த இடத்தை, 2001இல் எழுதிய சென்னையிற் பிறந்த ஒருவரால் தர முடியவில்லை. நூலின் இக்குறையைப் பிரியாவின் பேச்சையும் மௌனத்தையும் எண்ணிப் பார்த்தே கண்டிருக்கலாம். அறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டியிருந்ததில்லை. நம்மில் எவரும் அவ்வாறு எண்ணிப் பார்த்து எழுதியதாக எனக்குத் தெரியவில்லை.

சீடர்களின் பங்கு

சீடர்களைப் பேசாமல் குருவைப் பேசுவது முழுமையாகாது என்பதைத் தமிழுக்கு உணர்த்தியவர் ஒரு கிறிஸ்துவத் துறவி. வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையில் குருவின் பேதைமையைக் காட்டிலும், மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் சீடர் ஐவரின் பேதைமையே விரிவாகப் பேசப்படுகின்றது. குரு தனியே பேதையாக இருக்க முடியாது. அவரைக் குருவாக வைத்திருப்பதற்கு ஐவர் வேண்டும். மொழிப்பயிற்சிக்கென எழுதப்பட்ட நகைச்சுவைக் கதை என்று அதனை நாம் வகுப்பறையில் ஒதுக்கிவிடுகின்றோம். அதிகாரம் பற்றிய கதையாகவும் அது நிற்கும்.

சிங்கப்பூர் வாசகர்க்கு இதற்கொரு அண்மைச் சான்று உண்டு. சிட்டி ஹார்வெஸ்ட் தேவாலயத்தின் நிறுவனர் கோங் ஹீயின் மனைவி பாடிய இசைத்தொகுப்புகளை உலக அரங்கில் பரப்பும் திட்டம், நற்செய்திப் பணி என்னும் பெயரில் 2002இல் தொடங்கியது. அதற்குச் சபைப் பணம் பயன்படுத்தப்படுகின்றது என்று சபை உறுப்பினர் ஒருவர் 2003இலேயே குரல் எழுப்பினார். பின்னர் அவர் தம் கூற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டு நாளிதழ்களில் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. 2010இல் வர்த்தக விவகாரப் பிரிவின் விசாரணை தொடங்கியது. 2015 அக்டோபரில் கோங் ஹீயும் வேறு ஐவரும் நம்பிக்கை மோசடி செய்த குற்றவாளிகள் என்று தீர்ப்பளிக்கப்பட்டனர். முறைகேடாகக் கையாளப்பட்ட தொகை ஏறத்தாழ 50 மில்லியன் வெள்ளி. கோங் ஹீக்கு விதிக்கப்பட்ட எட்டாண்டுச் சிறைத்தண்டனை 2017 ஏப்ரலில் மூன்றாண்டு ஆறு மாதமாகக் குறைக்கப்பட்டது. 2019 ஆகஸ்டில் அவர் விடுதலை பெற்றார்.

இவ்விரு விவகாரங்களும் ஒரே தன்மையுடையனவல்ல. சிட்டி ஹார்வெஸ்ட் வழக்கில் பாலியல் கொடுமை இல்லை. குற்றவாளிகள் தமக்கெனப் பொருள் சேர்த்துக்கொண்டதற்குச் சான்றில்லை என்பதை நீதிமன்றமே குறிப்பிட்டது. இதனைக் கொண்டு அவ்வழக்கை ஒரு நிருவாகப் பிழையாகச் சுருக்குவோர் உளர். எனினும் ‘நம்பிக்கை மோசடி’ என்னும் சட்டத் தமிழ்த்தொடர் விழுதல் மொழியினும் நேர்மையானது. நம்பிக்கை என்றால் நம்பியவர் ஒருவர் இருந்தாக வேண்டும். மோசடி என்றால் மோசம் போனவர் ஒருவர் இருந்தாக வேண்டும். சபை வழக்கிலிருந்து அகன்றுபோன செயப்படுபொருள் நீதிமன்ற வழக்கில் திரும்பி வந்து நிற்கின்றது. 2003இல் மன்னிப்புக் கேட்ட அவ்வுறுப்பினரிடம் பின்னர் மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் எத்தனை பேர் என்பதைச் சபையாரே எண்ணிக்கொள்ளட்டும்.

நன்னூலார் ஆசிரியர் ஆகாதாருக்குக் கூறிய உவமைகளுள் முடத்தெங்கு ஒன்று. ஒருவர் நீர் ஊற்றி வளர்க்க, வேலிக்கு அப்பால் வளைந்து சென்று பிறருக்கே காய் தரும் தென்னை அது. நன்னூலார் கருதியது கல்வி வழங்கும் முறையைத்தான். ஏழைகளுக்கென்று கொடுத்தவர்களின் பணம் எவ்வேலியைத் தாண்டிச் சென்றது என்பதை எண்ணுங்கால் அவ்வுவமை தானே நினைவுக்கு வருகின்றது.

வகுப்பறையில்

சகரியாஸின் நூல்கள் அச்சிலிருந்து விலக்கப்பட்டாலும் நூலகங்களிலும் வீடுகளிலும் இருக்கின்றன. அவற்றை அகற்றிவிட வேண்டும் என்பது ஒரு சாரார் கருத்து. கருத்தை மட்டும் கொண்டு ஆளை விட்டுவிடலாம் என்பது மற்றொரு சாரார் கருத்து. முதலாவது சான்றை அழிக்கின்றது. இரண்டாவது, மேலே கூறியபடி, சாட்சி என்னும் வகைமையின் இயல்புக்கே மாறானது. நூல்கள் இருக்கட்டும், ஆனால் அவை இனிச் சமய விளக்க நூல்கள் என்னும் வரிசையில் இல்லாமல், சொல்வன்மையின் வரலாற்றுக்குரிய மூலங்களாகப் படிக்கப்பட வேண்டும் என்பதே என் கருத்து. பேச்சுப் போட்டிக்கு மாணவரை ஆயத்தம் செய்யும் ஆசிரியர்கள் குரலேற்றத்தையும் மேற்கோள் ஆட்சியையும் கற்பிக்கும்போது, கேட்போரின் ஐயத்தை ஒரு பேச்சு எவ்வாறு உறங்கவைக்கின்றது என்பதையும் சேர்த்துக் கற்பிப்பதற்கு அவை உதவும்.

உயர்நிலை மாணவர்க்கு ‘தாமரையும் சிலுவையும்’ நூலை மணிமேகலையின் 27ஆம் காதையோடும் கூடாவொழுக்க அதிகாரத்தோடும் இணைத்துப் பாடமாக வைக்கலாம். அறிக்கையையும் உடன் வைக்கலாமா என்பதில் ஆசிரியர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கும். மாணவரின் வயதுக்கேற்ப அது தீர்மானிக்கத்தக்கது. வைப்பதாயின் அதனை முதலில் கொடுத்தல் கூடாது. கொடுத்தால் நூலைத் திறவாமலே தீர்ப்பு எழுதிவிடுவர். முதலில் நூலைப் படிக்கச் செய்து, பிரியா பேசும் இடங்களை மட்டும் தனித்தாளில் எழுதிவரச் சொல்லி, அத்தாளை மணிமேகலையின் கேள்விகளோடு ஒப்பிட்டு முடித்தபின், இறுதி வகுப்பில் அப்பன்னிரண்டு பக்கங்களைக் கையில் கொடுப்பதே ஏற்ற முறையாகும்.